துடைக்கிற கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு



மலர் என்றாலே சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தொழில் கடன் என்று எழுதுவது வழக்கம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நம்மில் பலர் தினமும் கையில் எடுக்கிற ஒரு பொருளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், ஆசிட், இதுதான் அந்தப் பொருள்.

திருப்பாலைவனம், பழவேற்காடு சுற்று ஊர்களில் நம்ம பெண்கள் செய்யாத வேலை உண்டா? மீன் கூடை தூக்குறோம், கருவாடு காய வைக்கிறோம், ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறோம். ஏரியில் வரத்து குறைந்தால் வேறு வேலைக்குப் போறோம். ஒருத்தி ஊராட்சியில் தூய்மைக் காவலர். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவுகிறாள். மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் போகிறவர்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களும் உண்டு. வேலை எந்த இடமாக இருந்தாலும் வாளியும் மருந்தும் ஒன்றுதான். கை வெடிப்பதும், கண் எரிவதும், ராத்திரி இருமலும், மூச்சு வாங்குவதும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. கேட்டால், "அது அப்படித்தான்க்கா, பழகிடுச்சு" என்பார்கள்.

பழகிடுச்சு என்று விட்டுவிடுகிற விஷயம்தானா இது? இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன, இவற்றைத் தொட்ட கைகளுக்கு முன்னே என்ன ஆனது, யாருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரியும். அதற்காகத்தான் இந்த வரலாறு.

மண்ணும் வெயிலும் வெளுத்த காலம்

கதையை நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். டச்சுக்காரர்கள் 1613ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையின் துணிதான் அவர்களை இழுத்து வந்தது. இங்கே துணி வாங்கி, கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே மிளகும் மசாலாவும் வாங்கினார்கள்.

தறியிலிருந்து இறங்குகிற துணி பழுப்பாக இருக்கும். அதை வெள்ளையாக்கியது சலவைத் தொழிலாளர்களின் உழைப்பு. உவர்மண், சாணம், வெள்ளாவி, ஆற்றுத் தண்ணீர், வெயில் இவைதான் அன்றைய மருந்து. சென்னை வண்ணாரப்பேட்டையின் பெயரே, கம்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால் வந்தது. டச்சுக்காரர்களின் சொந்த நாட்டிலும் இதே பாடுதான். ஹார்லெம் என்ற ஊரில் லினன் துணியைச் சாம்பல் காரத் தண்ணீரிலும் புளித்த மோரிலும் மாற்றி மாற்றி ஊறவைத்து, புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெயில் காட்டுவார்கள்.

அந்தக் காலத்து வேலையும் உடம்பைக் கெடுக்காமல் விடவில்லை. இத்தாலியில் மோடெனா என்ற ஊரில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். 1700ல் அவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் சலவைப் பெண்கள் எப்போதும் ஈரத்தில் நிற்பதையும், காரத் தண்ணீரின் ஆவியில் மூச்சு கெடுவதையும், கை வெடிப்பதையும் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்த ஆள் அவ்வளவு அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டிருக்கிறார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்பது அந்தத் தொழிலாளியின் அனுபவம். அந்தக் கேள்வியிலிருந்துதான் புத்தகமே பிறந்தது.

ராமஸ்ஸினி மற்ற மருத்துவர்களுக்கு ஒரு புத்தி சொன்னார். நோயாளி வந்தால் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்காதீர்கள், நீ என்ன வேலை செய்கிறாய் என்றும் கேளுங்கள் என்றார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்மில் எத்தனை பேரிடம் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

உப்பிலிருந்து வந்த பவுடர்

1774ல் ஸ்வீடனில் ஷீலே என்பவர் ஒரு பச்சை மஞ்சள் வாயுவைக் கண்டுபிடித்தார். அதுதான் குளோரின். அது சாயத்தை உரித்து எடுக்கும் என்று தெரிந்ததும், 1785ல் பிரான்சில் பெர்தொல்லே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். 1799ல் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் டெனன்ட் குளோரின் வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பவுடராக்கி அதற்கு உரிமம் வாங்கினார். நாம் இன்றைக்கு வாளியில் கொட்டுகிற பிளீச்சிங் பவுடர் அதுதான். மாதக்கணக்கில் ஆன வெளுப்பு வேலை சில நாளில் முடிந்தது.

குளோரினுக்கு மூலப்பொருள் சாதாரண உப்பு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின் வரும், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா கிடைக்கும். நம்ம மாநிலத்திலும் மேட்டூரில், தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் இப்படிப்பட்ட ஆலைகள் வந்தன.

ஆனால் கிளாஸ்கோ பக்கத்துப் பவுடர் ஆலைகளில் என்ன நடந்தது? குளோரின் நிரம்பிய அறைக்குள் இறங்கிப் பவுடரை அள்ளிப் பீப்பாயில் அடைத்த தொழிலாளிகள், வாயிலும் மூக்கிலும் ஃபிளானல் துணியைப் பல மடிப்பாகக் கட்டிக்கொண்டார்கள். முகத்தில் கொழுப்பைத் தடவிக்கொண்டார்கள். வாய் வழியாக இழுத்து மூக்கு வழியாக விடக்கூட ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பவுடர் உடம்புக்கு ஆகாது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தொட்டவர்களுக்கு முதல் நாளே தெரிந்தது. நாம் இன்றைக்கு முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு டப்பாவைத் திறப்பதும் அதே அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

உயிரைக் காத்த மருந்து

இந்த மருந்துகளைக் குறை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. அவை கோடிக்கணக்கான உயிரைக் காத்திருக்கின்றன. முதலில் காத்தது தாய்மார்களை.

1847ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகர மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். டாக்டர்கள் வேலை செய்த பிரசவப் பிரிவில் அந்த ஏப்ரல் மாதம் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்தார்கள். செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று கண்டு, எல்லாரும் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்றார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு ரெண்டாகக் குறைந்தது.

1865ல் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைச் சுத்தம் செய்தார். அதற்கு இன்னொரு பெயர் ஃபீனால். நம்ம ஃபினாயில் என்ற பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதே மருந்தை அவர் அறை முழுக்கப் புகை மாதிரி ஸ்ப்ரே அடித்தும் பார்த்தார். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கை வெளுத்து மரத்தது, மூச்சில் எரிச்சல் வந்தது. பின்னாளில் லிஸ்டரே அந்த ஸ்ப்ரேயைக் கைவிட்டார். காற்றில் அடிப்பதைவிட, தொடுகிற இடத்தைச் சுத்தமாக வைப்பதுதான் பலன் தரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கையுறை யாருக்காகப் பிறந்தது?

இப்போது சொல்லப்போவதை மகள்களுக்கும் மருமகள்களுக்கும் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. 1889ல், குளிர்காலம். அறுவைச் சிகிச்சை அறைக்குப் பொறுப்பான நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமி கொல்ல மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் தினமும் கையை முக்கி முக்கி, அவருக்குக் கையிலும் முழங்கை வரையிலும் தோல் வெந்து புண்ணானது. வேலையை விட வேண்டிய நிலை. அறுவைச் சிகிச்சை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், திறமையான அந்த நர்ஸை இழக்க விரும்பாமல், குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய ரப்பரில் ரெண்டு ஜோடி கையுறை செய்து தரச் சொன்னார். 1890ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

நோயாளிக்குக் கிருமி தொற்றக்கூடாது என்று டாக்டர்கள் கையுறை போட்டது அதற்குப் பிறகுதான். அந்த ஆஸ்பத்திரியில் ரப்பர் கையுறை முதலில் வந்தது, மருந்துத் தண்ணீரில் புண்ணான ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்ற.

அந்தக் கையுறை சீக்கிரமே டாக்டர் கைக்குப் போனது, உலகம் முழுக்கப் போனது. அதே ஆஸ்பத்திரிகளில், அதே மருந்துத் தண்ணீரில், தரை துடைத்த கைகளுக்குப் போய்ச் சேர எத்தனை காலம் ஆனது? பல இடங்களில் இன்னும் சேரவில்லை. கண்டுபிடிப்பு இல்லாமல் நம்ம கைகள் வெடிக்கவில்லை. கண்டுபிடித்து 130 வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்ம கைக்கு அது வேண்டும் என்று நினைக்க ஆள் இல்லாததால் வெடிக்கின்றன.

போர்க்களத்து வாயு கழிப்பறையில்

1915 ஏப்ரல் 22. முதல் உலகப்போர். பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊர் அருகே ஜெர்மன் படை உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய ரெண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தாழ்ந்து பள்ளத்தில் இறங்கும். குழிக்குள் இருந்தவர்களுக்கு அதுதான் எமனானது. அதற்குப் பிறகு ராணுவங்கள் தங்கள் சிப்பாய்களுக்கு வாயு முகமூடி கொடுக்கத் தொடங்கின.

அந்த வாயு இன்றைக்கும் நம்ம பக்கத்தில் வருகிறது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் டாய்லெட் ஆசிட்டை ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயுதான். ஆசிட்டோடு பவுடர் சேர்ந்தால் கறை சீக்கிரம் போகும் என்று நினைத்து நிறைய பேர் கலக்குகிறார்கள். அது பெரிய ஆபத்து. குந்தி உட்கார்ந்து கழிப்பறை தேய்க்கிறவளின் முகம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும், கனமான அந்த வாயு நிற்கிற இடமும் அதுதான். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் கேட்கவே வேண்டாம். நீண்ட நாள் மூத்திரம் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் அதிகமாகக் கொட்டினாலும், மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற இன்னொரு வாயு வரும். கண்ணில் தண்ணீர் கொட்டுவதும் நெஞ்சு அடைப்பதும் அதனால்தான்.

ஒரு விஷயம் கவனம். இந்த வாயுவை இழுத்தவருக்கு அப்போது கொஞ்சம் இருமலோடு சரியான மாதிரி தெரியலாம். சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் "சரியாப் போச்சு" என்று வீட்டில் தனியாகப் படுக்க விடக்கூடாது.

நம்ம நாட்டில்

1901ல் ஆச்சாரிய பிரஃபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ், உள்நாட்டிலேயே மருந்துகளோடு ஃபினாயிலும் செய்து விற்றது. நிலக்கரித் தாரிலிருந்து வந்த கறுப்பு ஃபினாயில் ஆஸ்பத்திரி, ரயில், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் போனது. ஃபினாயில் வாசனை வந்தாலே சுத்தம் என்று மூக்கு பழகிவிட்டது.

ஆனால் வாளியை யார் கையில் கொடுத்தார்கள்? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நகராட்சித் துப்புரவு வேலை சாதியைப் பார்த்து, தாழ்த்தப்பட்ட மக்கள் தலையில், தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டது. அந்தக் கைகள் தொட்டதையே தீட்டு என்று பார்த்த ஊர், அந்தக் கைகள் வெந்ததை எப்படிக் கணக்கில் எடுக்கும்? கையுறை வராததற்கு விலை மட்டும் காரணமில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியை நம்ம கரையில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு தொற்றுநோய் வராமல் தடுக்க, கரையோர ஊர்களில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தெருத் தெருவாகத் தூவப்பட்டன. நாகப்பட்டினத்துக்கு வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். எல்லாரும் ஒதுங்கிய இடத்தில் அவர்கள் இறங்கிச் சடலங்களை எடுத்தார்கள். பெரிய கொள்ளைநோய் வராமல் போனதில் அவர்கள் பங்கு பெரியது. அவர்கள் கைக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆனது என்று பின்னால் போய்க் கேட்டவர்கள் அதிகமில்லை.

ஆசிட்டுக்கு ஒரு தனிக் கதை. கழிப்பறை கழுவ என்று பெட்டிக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கிய ஆசிட்டைப் பெண்கள் முகத்தில் வீசினார்கள். பாதிக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு என்ற விவரம், அடையாள அட்டை எல்லாம் வேண்டும் என்றது. தினமும் ஆசிட் தெறித்துக் காலும் கையும் வெந்த துப்புரவுப் பெண்களுக்காக அப்படி ஒரு வழக்கு பேசப்படவில்லை.

கொரோனா சொல்லிக் கொடுத்தது

2020ல் அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. அந்த வருஷம்தான் நாடே மருந்து அடித்தது. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், மார்ச் கடைசியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளிகளைத் தரையில் உட்காரவைத்து மேலே கிருமிநாசினி பீய்ச்சினார்கள். நம்ம திருப்பூரில் ஏப்ரல் 1 அன்று சந்தைக்கு வருபவர்கள் நுழைந்து போக மருந்துச் சுரங்கம் வைத்தார்கள். சில நாட்களிலேயே தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அது வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் மருந்து அடிக்கக் கூடாது, உடம்புக்குக் கெடுதல், பலனும் இல்லை என்று அறிவித்தது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம், தெருவில் மருந்து அடிப்பதாலும் பயனில்லை என்றது.

சுரங்கத்தில் நுழைந்த மக்கள் சில வினாடி நனைந்தார்கள். அதற்கே நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது, நியாயம்தான். முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அதே மருந்தை அடித்த பணியாளர்களுக்கு மட்டும் அது நஞ்சாகாமல் போகுமா?

வீட்டுக்குள்ளும் இதே ஆபத்துதான். அதே சமயம் அமெரிக்காவில் ஒரு பெண், காய்கறியைக் கழுவப் பிளீச், வினிகர், வெந்நீர் மூன்றையும் கலந்தார். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. வினிகரும் ஒரு அமிலம்தானே.

மூச்சை அளந்தவர்கள்

இவ்வளவு காலம் கழித்து ஆராய்ச்சிக்காரர்கள் நம்ம மாதிரிப் பெண்களின் மூச்சை அளந்தார்கள். ஸ்பெயினில் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில், வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் நடந்த ஆய்வு 2005ல் வந்தது. பிளீச் அதிகம் புழங்கியவர்களிடம் ஆஸ்துமாவும் நெஞ்சுச் சளியும் அதிகம் இருந்தன. 2007ல் வந்த ஐரோப்பிய ஆய்வு, சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்களை வாரம் ஒருமுறையாவது அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வர வாய்ப்பு கூடுதல் என்றது. பொடித்துளி காற்றில் மிதந்து ஆழமாக உள்ளே போவதுதான் காரணம்.

2018ல் நார்வே நாட்டு பெர்கன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. 6,235 பேரை 20 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே மூச்சில், ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்று அளந்தார்கள். வயதாக ஆக எல்லாருக்கும் அது குறையும். ஆனால் துப்புரவு வேலை பார்த்த பெண்களுக்கு, மற்ற பெண்களைவிட வருஷத்துக்கு 3.9 மில்லி கூடுதலாகக் குறைந்தது. வீட்டை மட்டும் சுத்தம் செய்த பெண்களுக்கே 3.6 மில்லி. 20 வருஷத்துக்குக் கூட்டினால் ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு மூச்சு. தினமும் 20 சிகரெட்டை 10 முதல் 20 வருஷம் வரை பிடித்தவருக்கு ஆகிற கெடுதலோடு இதை ஒப்பிட்டார்கள். வாழ்நாளில் பீடி சிகரெட் தொடாத நம்ம அக்காவுக்கு ஏன் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது.

இப்போது நம்ம கையில்

1989ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது பத்து ரூபாய் சேர்க்கவே யோசித்த பெண்கள் இருந்தார்கள். இன்றைக்குக் குழுக்கள் சொந்தமாகவே ஃபினாயில், சோப் ஆயில், கிளீனிங் பவுடர் செய்து விற்கின்றன. அதனால் நாம் இந்த மருந்தைத் தொடுபவர்கள் மட்டும் இல்லை, சில ஊர்களில் செய்து விற்பவர்களும்கூட. இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிற பாட்டிலை நாம் அடைக்கிறோம். அதனால் பொறுப்பும் ரெண்டு மடங்கு.

குழுக் கூட்டத்தில் வாசித்து, எல்லாருக்கும் தெரியப்படுத்த வேண்டியவை இவை:

1. எதையும் எதோடும் கலக்காதீர்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் ரெண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். ஆசிட் ஊற்றிய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அங்கே பவுடர் போடாதீர்கள்.

2. முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். அழுக்கு இருக்கும் இடத்தில் மருந்து ஊற்றினால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும். தேய்த்துக் கழுவிய பிறகு, தேவையான இடத்துக்கு மட்டும் மருந்து.

3. அளந்து போடுங்கள். குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போதும் என்பது அரசு கணக்கு. கிருமி அதிகமுள்ள இடத்துக்கான காரமான கரைசலுக்கே லிட்டருக்கு 30 கிராம்தான். கை நிறைய அள்ளிக் கொட்டினால் சுத்தம் கூடாது, நெடிதான் கூடும். அளவு ஸ்பூனை டப்பாவிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

4. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்றோட்டம்தான் காப்பு. டப்பாவைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

5. முழங்கை வரை ரப்பர் கையுறை, காலுக்கு ரப்பர் பூட்ஸ். ஓட்டைக் கையுறை போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல், மருந்து உள்ளே தங்கித் தோலை வேகவைக்கும். வேலை முடிந்ததும் கை கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

6. ஆசிட்டோ பவுடரோ தெறித்தால் ஓடுகிற தண்ணீரில் 15, 20 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே, பிறகு உடனே டாக்டர். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள்.

7. குடிதண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆசிட்டோ ஃபினாயிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழுவில் செய்து விற்கும் பாட்டிலில் பெயர், என்ன கலந்தது, எதோடு கலக்கக் கூடாது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

கேட்க வேண்டிய ரெண்டு

ஒன்று, கையுறை. ஒரு பெண்ணின் கைக்காகப் பிறந்த பொருள் அது. நம்ம கைக்கு அது சலுகை இல்லை, பாக்கி. ஊராட்சியிலோ, பள்ளியிலோ, கான்டிராக்டரிடமோ தனியாகப் போய்க் கேட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்பார்கள். கூட்டமைப்பு தீர்மானம் போட்டு, தீர்மான நகலோடு பத்துப் பேராகப் போனால் பேச்சே வேறு. எத்தனை ஜோடி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எண்ணிக்கையோடு கேளுங்கள்.

இன்னொன்று, ராமஸ்ஸினியின் கேள்வி. டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்: "டாக்டர், நான் கழிப்பறை கழுவுற வேலை பண்றேன், பிளீச்சிங் பவுடர், ஆசிட் புழங்குறேன்." லீவு நாளில் இருமல் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்ப வந்தால் அதையும் சொல்லுங்கள். அது வேலையால் வந்த நோயாக இருக்கலாம் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். சீட்டில் என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். சட்டப்படியான தொழில் நோய்ப் பட்டியலில் வேலையால் வரும் ஆஸ்துமாவும் ரசாயனத்தால் வரும் தோல் நோயும் இடம் பெற்றிருக்கின்றன. ஆனால் சீட்டில் வேலையின் பெயரே இல்லாவிட்டால் எதை வைத்துக் கேட்பது? இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், 2007ல் தொடங்கிய தூய்மைப் பணிபுரிவோர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறோமா என்று இந்த மாதமே பார்த்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெரும்பாலும் நம்ம குழுப் பெண்தான். பிரஷர், சுகர் பார்க்கும்போது மூச்சையும் கையையும் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

நம்ம குழுக்களில் பணக் கணக்கு ஒரு ரூபாய் தவறாமல் எழுதுகிறோம். இனிமேல் ஒவ்வொரு குழுவின் நோட்டிலும் இன்னொரு பக்கம் இருக்கட்டும். நம்மில் யார் யார் தூய்மை வேலை பார்க்கிறார்கள், எத்தனை வருஷமாக, என்ன மருந்து, கையுறை உண்டா இல்லையா, இருமல், வீசிங், கைப்புண் இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவின் பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் திருப்பாலைவனம் பக்கத்துத் துடைக்கிற கைகளின் வரலாறு முதல் முறையாக எழுத்தில் வரும்.